கேட்பவரைத் தேடி

(வட்டார வளமையம் ஒன்றில் நடைபெற்ற ஆசிரியர் பயிற்சியில், ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளித் தமிழாசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதிய உணவுக்குப் பிறகான அமர்வை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். தூங்குகிறவர்களை எழுப்ப மாட்டேன். குரலால் ஒருவரைத் தூங்கவிடாமல் வைப்பது எப்படி என்பதுதான் இன்றைய தலைப்பே. அதனால் யாராவது தூங்கினால் தேர்வில் தோற்றது நான்தான்.

எங்கள் பள்ளியில் மூன்று ஆண்டுகளாகக் குழந்தைகளோடு சேர்ந்து ஒரு வலையொலி நடத்துகிறோம். பாட்காஸ்ட் என்றால் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சொல் 2004இல் ஓர் ஆங்கிலச் செய்தித்தாள் கட்டுரையில் பிறந்தது. ஐபாட் என்ற கருவியின் பெயரையும் ஒலிபரப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் ஒட்டி ஒருவர் எழுதினார், அது நிலைத்துவிட்டது. இன்று ஐபாட் கடையில் இல்லை, பாட்காஸ்ட் இருக்கிறது. எங்கள் வலையொலியின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால் விளம்பரம் ஆகிவிடும். விளம்பரத்தால் நான் பட்ட பாட்டைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

ஏன் தொடங்கினோம்?

கொரோனா விடுமுறை முடிந்து குழந்தைகள் திரும்பி வந்தபோது வகுப்பறை எப்படி இருந்தது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஐந்தாம் வகுப்புக் குழந்தை இரண்டாம் வகுப்புப் பாடத்தை எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தது. ஆனால் அதே குழந்தை, ஆடு மேய்க்கப் போன இடத்தில் நரியைப் பார்த்த கதையைச் சொல்லத் தொடங்கினால் வகுப்பே வாய் பிளந்து கேட்கும். எழுத்துத்தான் அவர்களை விட்டுப் போயிருந்தது, மொழி போகவில்லை.

அந்தக் குரலைப் பிடித்து வைப்போம், பிறகு அதையே எழுத வைப்போம், எழுதியதைப் படிக்க வைப்போம் என்று நினைத்தேன். கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்ற வரிசையை நாம் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வோம். வகுப்பில் முதல் இரண்டையும் தாண்டிக் குதித்து மூன்றாவதிலிருந்துதான் தொடங்குகிறோம். வரிசைப்படியே போய்ப் பார்க்கலாமே என்று தோன்றியது.

கருவி என்று பெரிதாக ஒன்றுமில்லை. என் கைப்பேசிதான். மின்விசிறியை நிறுத்திவிட்டு, கைப்பேசியை விமானப் பயன்முறையில் போட்டு, பேசுகிற குழந்தையின் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கொஞ்சம் பக்கவாட்டில் பிடித்தால் போதும். வகுப்பறை எதிரொலித்தது. அதனால் புத்தக அலமாரிகள் இருக்கும் நூலக மூலைக்குப் போனோம். புத்தகம் எதிரொலியைத் தின்றுவிடும். வெட்டி ஒட்ட ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளைக் கணினி ஆய்வகத்தில் போட்டுக்கொண்டோம். இதெல்லாம் ஒரே வாரத்தில் கைக்கு வந்துவிட்டது. கேட்க ஆள் கிடைப்பதற்குத்தான் ஓராண்டு ஆனது.

முதல் விளம்பரமும் முதல் தோல்வியும்

முதல் பகுதி வெளியான அன்று, என்னிடம் இருந்த எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் இணைப்பைப் போட்டேன். பாட ஆசிரியர் குழு, குறுவளமையக் குழு, கல்லூரித் தோழிகள் குழு, உறவினர் குழு, எங்கள் தெருவில் தண்ணீர் வரும் நேரம் சொல்லும் குழு உட்பட. கைதட்டல் படங்கள் குவிந்தன. 'அருமை', 'வாழ்த்துகள்', 'சிறப்பு டீச்சர்' என்று வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு வாரம் கழித்து, எத்தனை பேர் எவ்வளவு நேரம் கேட்டார்கள் என்று காட்டும் வரைபடத்தைத் திறந்தேன். கை தட்டியவர்களில் பாதிப்பேர் கேட்கவே இல்லை. கேட்கத் தொடங்கியவர்களில் பெரும்பாலோர் முதல் நிமிடத்திலேயே போய்விட்டிருந்தார்கள். வரைபடத்தின் கோடு, சறுக்குமரம் போல விழுந்திருந்தது.

அந்த முதல் நிமிடத்தில் என்ன இருந்தது என்று மறுபடி கேட்டேன். நான் இருந்தேன். வணக்கவுரை, வரவேற்புரை, அதிகாரிகளுக்கு நன்றி, தலைமையாசிரியருக்கு நன்றி, ஊராட்சி மன்றத்துக்கு நன்றி. ஆண்டு விழா மேடையில் செய்வதை அப்படியே மைக்கில் செய்திருக்கிறேன். மேடையில் எழுந்து போக முடியாமல் உட்கார்ந்திருப்பார்கள். கைப்பேசியில் கட்டைவிரலை அசைத்தால் போதும். நரியைப் பார்த்த பையன் மூன்றாவது நிமிடத்தில்தான் வருகிறான். அவன் வருவதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது.

அடுத்த பகுதியிலிருந்து முதல் வாக்கியமே குழந்தையின் வாக்கியம் என்று முடிவு செய்தோம். என் நன்றியுரை கடைசிக்குப் போனது. பிறகு அதுவும் ஒரே வரி ஆனது.

அடுத்த கேள்வி: என் வகுப்புப் பெற்றோர் ஏன் கேட்கவில்லை? அவர்களுக்காகத்தானே தொடங்கினோம்? ஊகித்துக்கொண்டிருக்காமல் குழந்தைகளையே கேட்டேன். 'உங்க வீட்டு போன் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரும்?'

ஆசிரியராக இத்தனை ஆண்டில் நான் கேட்ட கேள்விகளிலேயே உருப்படியான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். ஒருத்தி சொன்னாள், அப்பா திருப்பூரில் இருக்கிறார், போன் தீபாவளிக்கு வரும் என்று. ஒருவன் வீட்டில் பட்டன் போன்தான். மற்றவர்கள் பெரும்பாலும் இரவு ஏழு மணி, ஏழரை மணி என்றார்கள். நானோ காலை பத்து மணிக்கு இணைப்பு அனுப்பிக்கொண்டிருந்தேன். இன்னொன்றும் சொன்னார்கள். 'நீல எழுத்தைத் தொட்டா காசு போயிடும்னு அம்மா தொட மாட்டாங்க மிஸ்.' இணைய மோசடிச் செய்திகளைக் கேட்டு எச்சரிக்கையாக இருக்கிற அந்த அம்மாவை நான் குறை சொல்ல முடியுமா?

அன்றிலிருந்து இணைப்பை விட்டுவிட்டு ஒலிக்கோப்பையே அனுப்பினோம். ஒற்றை ஒலித்தடமாக, 64 கேபிபிஎஸ் அளவில் சேமித்தால் ஒரு நிமிடத்துக்கு அரை எம்பிதான் வரும். ஆறு நிமிடப் பகுதி 3 எம்பிக்குள் அடங்கிவிடும். இரவு ஏழரைக்கு அனுப்பினோம். பட்டன் போன் வீடுகளுக்கு மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்தோம். போன் இல்லாத வீடுகளுக்காக, வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் ஒலிபெருக்கியில் போட்டோம். பிள்ளைகளை அழைத்துப் போக வரும் பாட்டிகள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கேட்டார்கள்.

வானொலி சொல்லிக் கொடுத்தது

என் அப்பா இலங்கை வானொலி நேயர். மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீத் என்று அறிவிப்பாளர் பெயர்களை உறவுக்காரர்கள் பெயர் போலச் சொல்வார். அஞ்சலட்டையில் பாட்டு விருப்பம் எழுதிப் போட்டுவிட்டு, தன் பெயரும் ஊரும் வருகிறதா என்று காத்திருப்பார். வந்த நாளில் வீட்டில் பாயசம் வைக்காத குறைதான். பாட்டு எல்லோருக்கும்தான் போனது. ஆனால் பெயரோடு ஊரையும் சேர்த்துச் சொன்ன அந்த அரை நொடி அவருக்கு மட்டுமே சொந்தம்.

இன்னொரு செய்தி உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். 1960-களில் தஞ்சைப் பகுதி உழவர்கள் ஆடுதுறை 27 என்ற நெல் ரகத்துக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வானொலி வேளாண் நிகழ்ச்சிகள் வழியாக அதை அறிந்துகொண்டதுதான் காரணம். கேட்டதை வயலில் போட்டுப் பார்த்தார்கள், விளைந்தது, பெயர் ஒட்டிக்கொண்டது. ஒலி கேட்பவரின் நாளைக்குள் போய் ஏதாவது செய்ய வேண்டும். அப்படிச் செய்துவிட்டால் விளம்பரத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

அதனால் ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ஒரு கேள்வி வைத்தோம். 'உங்கள் தெருவில் முன்பு இருந்து இப்போது இல்லாத மரம் எது?' 'கிணற்றில் நீச்சல் கற்றுக்கொண்டது யாரிடம்?' என்ற மாதிரி. பதிலைக் குரல்பதிவாக அனுப்பலாம், பள்ளி வாசலில் வைத்த பெட்டியில் எழுதிப் போடலாம், அஞ்சலட்டையிலும் எழுதலாம். அஞ்சலட்டைக்குச் செலவு மிகக் குறைவுதான். கடிதம் எழுதுதல் நம் பாடத்திலேயே இருக்கிறது. இல்லாத நண்பனுக்குச் சுற்றுலா பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த குழந்தைகள், எழுதத் தெரியாத பாட்டி சொல்லச் சொல்ல உண்மையான கடிதம் எழுதினார்கள். நேரம் கடந்தும் பையைத் தோளில் மாட்டாமல் உட்கார்ந்து எழுதினார்கள்.

ஒருமுறை கேழ்வரகு அறுவடை பற்றி எங்கள் மாணவன் பேசினான். நெல்லைப் போல அடியோடு அறுப்பதாகச் சொல்லிவிட்டான். எனக்கும் தெரியவில்லை, விட்டுவிட்டேன். மறுநாள் ஒரு பாட்டியின் குரல்பதிவு வந்தது. 'டீச்சரம்மா, கேவுரு கதிரைத்தான் மொதல்ல கிள்ளி எடுப்போம். தாளு அப்புறம். மாட்டுக்கு. புள்ளைக்குச் சரியாச் சொல்லிக் குடுங்க.' அடுத்த வாரம் அந்தப் பதிவையே முதலில் ஒலிக்க விட்டோம். பிறகு மாணவன் தன் தவறைத் தன் வாயால் திருத்தினான். அந்த வாரத்துக்குப் பிறகு வந்த பதில்கள் இரு மடங்குக்கு மேல். நம்மைத் திருத்தலாம், திருத்தினால் கேட்டுக்கொள்கிறார்கள் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது.

நான் செய்த பிழை

இத்தோடு உரையை முடித்திருந்தால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் உங்களில் சிலர் நாளையே இதைத் தொடங்கக்கூடும். அதனால் அடுத்ததைச் சொல்லியே ஆக வேண்டும்.

இரண்டாம் ஆண்டு. 'எனக்குத் தூக்கம் வராத இரவு' என்ற தலைப்பில் பேசச் சொன்னேன். பேய்க் கதை வரும் என்று எதிர்பார்த்தேன். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, வட்டிக்காரர் வீட்டு வாசலில் நின்று சத்தம் போட்ட இரவைப் பற்றிப் பேசினாள். அம்மா விளக்கை அணைத்துவிட்டு, தம்பியின் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததைச் சொன்னாள். அழவில்லை. நிதானமாகச் சொன்னாள். நூலக மூலையில் நாங்கள் எல்லோரும் பேச்சற்று இருந்தோம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அதில் உருக்கமான முப்பது நொடியை வெட்டி, 'முழுவதும் கேளுங்கள்' என்று முன்னோட்டமாக எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பினேன். பெயரோடு, வகுப்போடு. அதுவரை எங்கள் பதிவு எதுவும் அப்படிப் போனதில்லை. பக்கத்து ஊர்களுக்குப் போனது. எண்ணிக்கை ஏற ஏறக் கைப்பேசியை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்குப் பெருமை என்று நினைத்தேன்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அவள் அம்மா வந்தார். சண்டை போட வந்தவர் போல இல்லை. வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். பால் சங்கத்தில் யாரோ அந்தப் பதிவைப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். வட்டிக்காரருக்கும் போயிருக்கிறது. 'மானத்தை வாங்கிட்டாளே' என்று உறவினர் ஒருவர் பிள்ளையைத் திட்டியிருக்கிறார். அவள் சாப்பிடவில்லை.

நான் ஏதோ விளக்கம் சொல்லத் தொடங்கினேன். அவர் சொன்னார்: 'அவ பேசுனது தப்பில்ல டீச்சர். மனசுல இருந்ததை உங்களை நம்பிச் சொன்னா. நீங்க அதை எடுத்துக் கடையில வெச்சீங்க பாருங்க, அதுதான்.'

அன்றே தலைமையாசிரியரிடம் சொன்னேன். பகுதியை நீக்கினோம். குழுக்களில் அனுப்பியதை அழித்தேன். ஆனால் குறிப்பிட்ட நேரம் கடந்துவிட்டால் வாட்ஸ்அப்பில் எல்லோருக்குமாக அழிக்க முடியாது. மற்றவர்கள் முன்னனுப்பிய பிரதிகளும் நம் கைக்கு வராது. தெரிந்த ஒவ்வொருவரையும் அழைத்து நீக்கச் சொல்லிக் கெஞ்சினேன். மாலையில் தலைமையாசிரியரோடு அவர்கள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அம்மாவிடமும் கேட்டேன், அவளிடமும் கேட்டேன். அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் பள்ளிக்கு வந்தாள். மைக் முன்னால் மட்டும் வரவில்லை. நானும் அழைக்கவில்லை. சில மாதம் கழித்து, நூலக மூலையில் நாங்கள் ஒரு பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள். நான்காம் வகுப்புப் பையன் ஒருவன், தன் அண்ணன் பள்ளியை விட்டு நின்றதைப் பற்றிப் பேசியிருந்தான். 'இதை வெளிய விடறதுக்கு முன்னாடி அவன் அண்ணனைக் கேட்டீங்களா மிஸ்?' என்றாள். நான் கேட்டிருக்கவில்லை. அவ்வளவு பட்ட பிறகும் கேட்டிருக்கவில்லை.

அன்றிலிருந்து, எட்டாம் வகுப்பு முடித்துப் போகும்வரை, எல்லாப் பதிவையும் முதலில் கேட்டவள் அவள்தான். அவள் வேண்டாம் என்றால் அது வெளியே போகாது. தலைமையாசிரியரும் அதை ஏற்றுக்கொண்டார். அவள் மீண்டும் தன் கதையைச் சொல்லவே இல்லை. அது என் கணக்கில் இருக்கிற கடன்.

இப்போது கடைப்பிடிப்பவை

குறிப்பெடுப்பவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

1. பெற்றோரிடம் எழுத்து வழி ஒப்புதல் வாங்குகிறோம். 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட அனைவரையும் குழந்தை என்றே கொள்கிறது, பெற்றோர் ஒப்புதலையும் கேட்கிறது. ஆண்டுத் தொடக்கத்தில் வாங்கும் ஒரு கையெழுத்து போதாது. ஒவ்வொரு பதிவையும் வெளியிடும் முன் குழந்தையை ஒருமுறை கேட்கிறோம்.

2. முழுப் பெயர், தெரு, வகுப்பு ஆகியவற்றைச் சேர்த்துச் சொல்வதில்லை. குழந்தைகள் தாங்களே வைத்துக்கொண்ட புனைபெயரில் வருகிறார்கள். எங்களிடம் இரண்டு மைனா, ஒரு புளியமரம், ஒரு மின்னல் இருக்கிறார்கள்.

3. வீட்டுத் துயரம் பேச்சில் வந்துவிட்டால் பதிவை நிறுத்திவிட்டு, கேட்கிறோம். அது நம்மிடம் சொல்லப்பட்டது, ஊருக்குச் சொல்லப்பட்டதல்ல. உதவி தேவைப்பட்டால் 1098, 14417 ஆகிய எண்கள் பள்ளிச் சுவரில் இருக்கின்றன. அந்த வழியில் போகிறோம்.

4. எந்தக் குழந்தையும் எப்போது வேண்டுமானாலும் தன் பதிவை நீக்கச் சொல்லலாம். காரணம் கேட்பதில்லை.

5. முன்னோட்டமாக அனுப்புவது அந்த வாரக் கேள்வி மட்டுமே. உருக்கத்தை வெட்டி விற்பதில்லை.

6. பரப்புவதற்கு நாங்கள் செய்வது மிகக் குறைவு. காலைக் கூட்டத்தில் ஒரு மாணவர் அரை நிமிடம் அறிவிப்பார். நியாயவிலைக் கடை அருகே ஒரு கரும்பலகையில் கேள்வியை எழுதி வைப்போம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு பகுதியை ஒலிக்க விடுவோம். பதில் அனுப்பியவர் அனுமதித்தால், அடுத்த பகுதியில் அவர் பதிலை வாசிப்போம். பதில் வாசிக்கப்பட்ட வீடு, அடுத்த நாலு வீட்டுக்குச் சொல்லிவிடும்.

7. வாரம் ஒன்று, ஆறு நிமிடம், வெள்ளி இரவு ஏழரை. தேர்வு மாதங்களில் முன்கூட்டியே சொல்லிவிட்டு நிறுத்துகிறோம். சொல்லாமல் நிறுத்தினால் காத்திருப்பவர் ஏமாறுவார்.

நிறைவாக

தமிழில் 'கேள்' என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு வேலை. காதால் கேட்பதும் கேட்டல்தான், வாயால் வினவுவதும் கேட்டல்தான். வள்ளுவர் கேள்விக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். வலையொலி தொடங்கியபோது, எல்லோரும் எங்களைக் கேட்க வேண்டும் என்று மட்டும் நினைத்தேன். போன் எப்போது வரும் என்று குழந்தைகளைக் கேட்ட அன்று, கொஞ்சம் கற்றுக்கொண்டேன். அண்ணனைக் கேட்டீர்களா என்று அவள் என்னைக் கேட்ட அன்று, மீதியைக் கற்றுக்கொண்டேன்.

'எத்தனை பேர் கேட்கிறார்கள்?' என்று அதிகாரிகள் வரும்போதெல்லாம் கேட்பார்கள். வரைபடத்தைக் காட்டுவேன், சிறிய எண்தான். பிறகு பதில் பெட்டியைத் திறந்து காட்டுவேன். சென்ற மாதம் அதில் ஒரு தாள் இருந்தது. மூன்றாம் வகுப்புக் கையெழுத்து, கோணல்மாணலாக. 'பாட்டி சொல்றாங்க. வெள்ளிக்கிழமை கரண்ட் இல்ல. போன் அணைஞ்சு போச்சு. மறுபடியும் போடுங்க.' இரண்டாண்டுக்கு முன் எழுத்துக்கூட்டத் தெரியாத குழந்தை எழுதியது அது. மறுபடியும் போட்டோம்.

இங்கிருந்து போனதும் செயலி எதையும் பதிவிறக்க வேண்டாம். திங்கட்கிழமை வகுப்புக்குப் போய், உங்கள் வீட்டுப் போன் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரும் என்று கேட்டுப் பாருங்கள். பதில்களைக் குறித்து வையுங்கள். அடுத்த கூட்டத்தில் எனக்கும் சொல்லுங்கள், கேட்கக் காத்திருக்கிறேன்.

தூங்காமல் இருந்தவர்களுக்கு நன்றி.